நாலாம் மாடிப் பல்கனியில் சிறுபிள்ளைகளுக்குத் தோட்டம் பழக்குவது எப்படி?

நீர்வேலி மகள், வெள்ளவத்தை:

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்றரை. நான் யாழ்ப்பாணத்து நீர்வேலியின் செம்மண்ணில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவள். மகனின் வயதில் நான் அப்பாவுக்குப் பின்னால் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட்டிருக்கிறேன். அதை எவரும் என்னை இருத்தி வைத்துப் படிப்பிக்கவில்லை. நாள் முழுவதும் கண்ணுக்கு முன்னால் நடந்த வேலை என்பதால் தானாகவே கைக்கு வந்தது. என் பிள்ளைகளுக்கு அப்படி வருவதற்கு இங்கே வழியில்லை. பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட, கடலைப் பார்த்த ஒரு பல்கனி மட்டுமே எங்களிடம் இருக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு முயற்சி செய்தோம். சமையலறைப் போத்தலில் இருந்த கொத்தமல்லியை எடுத்து, யோகட் கோப்பைகளில் மண் நிரப்பி, பிள்ளைகள் ஆளுக்கு மூன்று கோப்பைகளில் தூவினார்கள். மகன் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினான். நான் பார்க்காத நேரங்களில் விரலால் கிளறி, விதை என்ன செய்கிறது என்றும் பார்த்தான். பன்னிரண்டு நாட்களாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. அவனைத் தேற்றுவதற்காக வாங்கி வந்த தக்காளிக் கன்றும் ஒரே கிழமையில் இலை ஓரங்கள் கருகி வாடிவிட்டது. அன்று அவன், "நான் வைத்தால் ஒன்றும் வராது, அம்மா" என்று சொன்னான். அதற்குப் பிறகு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டேன், ஆனால் அந்தச் சொல் என் மனதை விட்டுப் போகவில்லை.

மீண்டும் தொடங்க விரும்புகிறேன். எந்தப் பயிரில் தொடங்கலாம்? எந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட வேண்டும், எதை நான் செய்ய வேண்டும்? டெங்கு காரணமாக என் மாமியார் சாடி என்றாலே பயப்படுகிறார். அவருடைய பயம் நியாயமானது என்பதால் அதற்கும் வழி சொல்லுங்கள். இன்னும் ஒன்றைத் தயக்கத்தோடு கேட்கிறேன். அடுத்த முறையும் ஒரு கன்று பட்டுப்போனால், பிள்ளை தூங்கிய பின் அதே அளவிலான வேறொரு கன்றை அந்த இடத்தில் மாற்றி வைத்துவிட்டால் என்ன? அது பிழையா?

ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை, தெஹிவளை:

அன்புள்ள மகளுக்கு, முதலில் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: கொத்தமல்லி முளைக்காததற்கு அவன் காரணமில்லை. கறிக்கு வாங்கும் கொத்தமல்லி எவ்வளவு காலம் சாக்கில் கிடந்தது என்பது எவருக்கும் தெரியாது. நல்ல விதையாக இருந்தாலும் அது முளைக்க பத்து நாட்கள் முதல் இரண்டு கிழமைக்கு மேலும் ஆகும். கொழும்பின் வெக்கை அதற்கு ஒத்துவருவதும் இல்லை. நாம் உருண்டையாகக் காணும் கொத்தமல்லி உண்மையில் ஒரு சிறு காய். அதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன, மெதுவாக உருட்டி உடைத்தால் இரண்டும் பிரியும். அதை அவனுக்குக் கையில் வைத்துக் காட்டுங்கள். பெரியவர்களே பொறுமை இழக்கும் ஒரு விதையைத்தான் அவனுக்குக் கொடுத்தோம் என்பதை அவன் அறிந்துகொள்ள வேண்டும்.

அவன் விதையைக் கிளறியதைக் குறையாக நினைக்காதீர்கள். என்னிடம் வந்த பிள்ளைகளில் கிளறாத பிள்ளைகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளைக்கு, பார்ப்பதற்கு ஒரு நேர்மையான வழியை நாம் செய்து கொடுக்க வேண்டும். நான் செய்து வந்த முறையைச் சொல்கிறேன். ஓர் இரவு ஊறிய பயற்றை ஏழு சிறு கோப்பைகளில் ஒவ்வொன்றாக ஊன்றுங்கள். நாளுக்கு ஒரு கோப்பையை அவன் முழுவதுமாகக் கொட்டிப் பார்க்கலாம். முதல் நாள் ஊதிய பயறு, அடுத்த நாள் தோல் வெடித்து வெள்ளை வேர், அதற்கடுத்த நாட்களில் கூனிக்கொண்டு எழும் தண்டு என்று ஒவ்வொரு கோப்பையும் ஒரு கதையைச் சொல்லும். ஏழாவது கோப்பை தொடப்படாமல் நிற்கும். அதற்குள் அந்த ஒன்றைத் தொடாமல் விடுவதற்கு அவனுக்கே காரணம் தெரிந்திருக்கும்.

இன்னொரு முறையும் உண்டு. வாயகன்ற கண்ணாடிப் போத்தலின் உட்சுவரில் ஈரமான காகிதத்தை ஒட்டி, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே பயற்றங்காய் விதையொன்றை வைத்தால் வேர் வருவது வெளியிலிருந்தே தெரியும். வேர் ஓர் அங்குலம் வந்ததும் போத்தலைச் சரித்து வையுங்கள். ஓரிரு நாட்களில் வேர் நுனி மீண்டும் வளைந்து கீழ்நோக்கிப் போகும். மேல் எது, கீழ் எது என்று விதைக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி அப்போது பிள்ளையின் வாயிலிருந்து வரும். உடனே விடை சொல்லிவிடாதீர்கள். மறுபடியும் சரித்துப் பார்க்க விடுங்கள்.

மூன்றரை வயது மகளுக்கு விதையை விடத் தண்டு நல்லது. சந்தையில் வாங்கும் பொன்னாங்காணிக் கட்டில் இலைகளை வறைக்குக் கிள்ளி எடுத்த பின், கணுக்கள் உள்ள தண்டுகளை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். ஈர மண்ணில் குத்தி வைப்பது அந்த வயதுக் கைக்கு ஏற்ற வேலை. கணுவிலிருந்து புதுத் துளிர் வருவதற்கு அதிக நாட்கள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கங்குன் தண்டும் அப்படியே. சிறுபிள்ளையின் கணக்கில் இரண்டு கிழமை என்பது மிக நீண்ட காலம். ஆகவே முதல் பயிர் நாட்களில் பதில் சொல்ல வேண்டும், இரண்டாவது பயிர் கிழமைகளில் சொல்லலாம், வெண்டியைப் போல ஒன்றரை மாதம் எடுக்கும் பயிர்கள் அதற்குப் பிறகு வரட்டும். மிளகாயை இப்போதைக்குத் தவிருங்கள். காயைத் தொட்ட விரலைக் கண்ணில் வைத்த பிள்ளை அதன் பிறகு சாடிக்குக் கிட்ட வராது.

தண்ணீர் விடயத்தில் ஒரு பழக்கத்தை உண்டாக்குங்கள். ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். விரலில் ஈரமண் ஒட்டிக்கொண்டால் அன்று தண்ணீர் இல்லை. தண்ணீர் ஊற்றுவதில் பிள்ளைக்கு இருக்கும் ஆசை பெரியது, ஆகவே ஊற்றக் கூடாது என்று தடுப்பதை விடச் சிறிய போத்தலைக் கொடுத்துவிடுவது மேல். மூடியில் ஆணியால் ஐந்தாறு துளை போட்ட அரை லீற்றர் போத்தல் போதும். ஒன்று போதாது, இரண்டு செய்யுங்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே பூவாளிக்குச் சண்டை பிடித்து முடியும் தோட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் என் தொழிலின் பழைய கதையொன்றைச் சொல்ல வேண்டும். ஜேர்மனியில் பிரெட்ரிக் புரோபல் 1840இல் தன் சிறுவர் கூடத்துக்கு "கிண்டர்கார்டன்", அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தபோது அது வெறும் உவமையாக இருக்கவில்லை. அவருடைய திட்டத்தில் உண்மையான தோட்டம் ஒன்று இருந்தது; ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தியும், எல்லோருக்கும் பொதுவான பாத்திகளும் அதில் இருந்தன. தன் பாத்தியில் பிள்ளை விரும்பியதைச் செய்யலாம்; பொதுப் பாத்தியில் மற்றவர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும். 1944இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி அம்மையார் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த வழியில் பழகிய மூத்த ஆசிரியைகளிடம் நான் படித்தபோதும் செடியையும் உயிரினங்களையும் பராமரிப்பது எழுத்தைப் போலவே ஒரு பாடமாக இருந்தது. உங்கள் பல்கனியில் மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று என மூன்று சாடிகள் போதும். அவரவர் சாடியில் நீங்கள் கைவைக்காதீர்கள். பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு சாடி வைத்து, நீங்கள் செய்வதை அவர்கள் பார்க்கும்படி உங்கள் வேலையைச் செய்யுங்கள். நீர்வேலியில் நீங்கள் கற்றதும் அப்படித்தானே.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மாற்றி வைக்காதீர்கள். அந்தச் சாடி பிள்ளையுடையது என்று பகலில் சொல்லிவிட்டு இரவில் அதை நமதாக்கிக்கொள்கிறோம். ஒரு நாள் அவன் அதைக் கண்டுபிடித்தால், அதுவரை தன் கையால் வளர்ந்த எல்லாவற்றையும் சந்தேகிப்பான். பட்டுப்போன கன்றை அவனோடு சேர்ந்து பிடுங்கி, வேரைக் கழுவிப் பார்த்து, வேர் அழுகியிருந்தால் தண்ணீர் கூடிவிட்டது, காய்ந்து நொறுங்கினால் தண்ணீர் போதவில்லை என்று பேசுங்கள். அழுதால் அழட்டும். பிறகு அடுத்த விதையை அவனே தெரிவு செய்வான்.

கடற்கரைப் பக்கத்து அப்பா, பம்பலப்பிட்டி:

அக்கா, ஆசிரியை சொன்ன கடைசி விடயத்துக்கு நான் சாட்சி. என் மகளின் சூரியகாந்தி முறிந்தபோது வேறொன்றை வாங்கி வைத்தேன். காலையில் பார்த்தவுடனேயே, "என்னுடையதில் ஓர் இலையில் ஓட்டை இருந்ததே" என்று கேட்டாள். நாங்கள் ஒரு செடியாகக் கண்டதை அவள் இலை இலையாக அறிந்து வைத்திருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் தக்காளியின் இலை ஓரம் கருகியதற்குப் பெரும்பாலும் உப்புக்காற்றே காரணமாக இருக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே நம் பல்கனிகளுக்குள் அடிக்கிறது. அதோடு வரும் உப்பு இலைகளில் படிந்து ஓரங்களை எரித்துவிடும். அந்த மாதங்களில் மென்மையான நாற்றுகளைச் சுவரோரமாக, காற்று மறைவில் வைக்க வேண்டும். காற்று பலமாக வீசிய மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இலை கழுவுவது மகளின் வேலை. நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, கற்றாழை ஆகியவை எங்கள் பல்கனியில் காற்றைத் தாங்கி நிற்கின்றன. சுவரோர வரிசையில் அவற்றை முன்னால் வைத்து, அவற்றின் மறைவில் கீரை வைத்திருக்கிறேன். ஐப்பசியில் காற்றின் போக்கு மாறி மாலை இடிமழை தொடங்கும்போது விதை போட்டால் பிள்ளைகளுக்கு முதல் அனுபவம் இலகுவாக இருக்கும். அந்த மழைக்கு மட்டும் சிறு நாற்றுகளை உள்ளே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே மழையில் மண்ணோடு கரைந்து போகும்.

மாடியில் இருப்பவர்கள் பாரத்தையும் கவனிக்க வேண்டும். ஈரமான மண் லீற்றருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிறுக்கும். தேங்காய் மட்டையிலிருந்து வரும் தூளான தும்புச்சோற்றையும் கூட்டெருவையும் பாதிக்கு மேல் கலந்தால் பாரமும் குறையும், வேரும் இலகுவாக ஓடும், சிறுபிள்ளையின் விரலுக்கும் மண் இறுக்கமாக இராது. தும்புச்சோறு உப்புத் தன்மையோடு வரக்கூடும் என்பதால் இரண்டு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்து எடுங்கள்; இந்த வேலைக்குப் பிள்ளைகளை அழைக்க வேண்டியதில்லை, அவர்களே வந்துவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பல்கனிக் கம்பிக்குப் பக்கத்தில் சாடியோ, முக்காலியோ, கவிழ்த்த வாளியோ இருக்கவே கூடாது. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. சாடிகள் அனைத்தையும் வீட்டுச் சுவர்ப் பக்கமாக வரிசைப்படுத்துங்கள். கம்பியில் தொங்கவிடும் சாடிகளை இந்த வயதில் அறவே தவிருங்கள். பெரியவர் ஒருவர் பல்கனியில் இல்லாத நேரத்தில் கதவு பூட்டியிருக்க வேண்டும். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் இடம் கொடுப்பதில்லை.

கொட்டாஞ்சேனைத் தாய்:

டெங்கைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு அது வந்து போயிருக்கிறது. 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கினால் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் என் மூத்த மகனும் ஒருவன். அவன் வைத்தியசாலையில் இருந்த நாட்களில் என் கணவர் வீட்டைச் சோதித்தபோது, என் பூச்சாடிகளுக்குக் கீழே வைத்திருந்த தட்டுகளில் இரண்டில் புழுக்கள் நெளிந்தன. நுளம்பு அங்கிருந்துதான் வந்தது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தட்டுகளை நான் இன்றும் மறக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு செடியும் வைக்கவில்லை. இளைய மகள் கேட்டுக்கேட்டு, மீண்டும் தொடங்கினோம்.

ஆகவே உங்கள் மாமியாரின் பயத்தைத் தோட்டத்தின் விதியாகவே ஆக்கிவிடுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் வரை ஆகும். கிழமைக்கு ஒரு தடவை எல்லாத் தண்ணீரையும் தேடிக் கொட்டினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். பலரும் தவறவிடுவது இன்னொன்று: நுளம்பு தன் முட்டைகளைத் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடுகிறது, பாத்திரம் காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கொட்டுவதோடு நிறுத்தாமல் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அதனால்தான். சாடிக்குக் கீழே தட்டு வைக்காமல் இருப்பது நல்லது; கீழ்மாடிக்குத் தண்ணீர் வடிவதால் வைத்தே ஆக வேண்டுமென்றால் தட்டை மணலால் விளிம்பு வரை நிரப்பிவிடுங்கள். பூவாளியில் தண்ணீர் மிச்சம் விடக் கூடாது. கண்ணாடிப் போத்தலில் தண்ணீர்விட்டு வளர்க்கும் மணிபிளாண்ட் முதலியவை வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றமும் ஆகும்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தச் சோதனையை மகள்தான் நடத்துகிறாள். கையில் சிறு டோர்ச் லைற்றோடு சாடிக்குக் கீழே, குளிரூட்டிக் குழாயின் வாய்க்குக் கீழே, துடைப்பம் வைக்கும் மூலை வரை பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தில் அடையாளம் இடுவாள். தோட்டம் வைத்திருப்பதால் எங்கள் வீட்டில் தேங்கும் தண்ணீர் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இதை உங்கள் மாமியாரிடம் சொல்லலாம்.

மண்ணோடு சம்பந்தப்பட்ட மற்றைய காரியங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வெறுங்காலோடு மண்ணில் நிற்க வேண்டாம். கை கால்களில் காயம் இருந்தால் அன்று மண்வேலை இல்லை, எலிகள் நடமாடும் நகரத்தில் ஈரமண் மூலமாக எலிக்காய்ச்சல் வரக்கூடும். வேலை முடிந்ததும் நகக்கண் வரை சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் அழகுக்காக வைத்திருக்கும் செடிகளையும் ஒரு முறை பாருங்கள். வெள்ளைப் புள்ளி விழுந்த பெரிய இலைகளைக் கொண்ட டிஃபன்பேக்கியாவின் சாறு வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். அலரியும் மஞ்சள் அலரியும் குன்றிமணியும் நஞ்சு. நாம் கை காட்டிய செடியின் இலையை மட்டுமே வாயில் வைக்கலாம் என்பதை மூன்று வயதிலேயே சொல்லிப் பழக்க வேண்டும்.

மட்டக்குளித் தாத்தா:

எல்லோரும் நல்லதையே எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியை அம்மாவின் கருத்தில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. விதையில்தான் அல்லது தண்டில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே வேர் கொண்டு நிற்கும் ஒரு செடியைப் பிள்ளையிடம் ஒப்படைப்பதும் நல்ல தொடக்கமே. ஒரு தடவை தோற்றுப்போன பிள்ளைக்கு அது இன்னும் பொருத்தம்.

2022இல் பொருட்களின் விலை தாங்க முடியாமல் போய், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்த அந்த நாட்களில், எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் உரப்பைகளில் மண் நிரப்பினார்கள். நானும் ஆறு பைகள் வைத்தேன். மற்றவை போய்விட்டன, ஒரு கறிவேப்பிலை மட்டும் நின்று என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. பேரனுக்கு நாலு வயதானபோது, "இனி இது உன்னுடைய மரம், சமைக்கும்போது உன் அம்மம்மா இலை கேட்டால் நீதான் ஆய்ந்து கொடுக்க வேண்டும்" என்று சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் அடுப்படியில் தாளிதம் அவனில்லாமல் நடப்பதில்லை. விளையாடிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாலும் ஓடிவந்து இரண்டு இணுக்கு முறித்துக் கொடுத்துவிட்டுப் போவான். தன்னால் வீட்டுக்கு ஒரு பொருள் வருகிறது என்பதை அவன் மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டான்.

ஒரு நாள் அவன், இலையில் காகம் எச்சமிட்டிருக்கிறது என்று வந்து சொன்னான். பார்த்தால் அது புழு. கறிவேப்பிலையிலும் தேசியிலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகளின் இளம் புழுக்கள் பறவை எச்சத்தைப் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்ததும் இலைப்பச்சை நிறமாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிறு கொம்பு போன்ற ஒன்றை நீட்டிக் கடுமையான மணத்தை விடும். என் மனைவி அவற்றைப் பிடுங்கி எறியச் சொன்னாள், மரம் அவனுடையது என்பதால் அவனிடம் கேட்டோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, ஒரு கிளை புழுவுக்கு, மற்றக் கிளைகள் அம்மம்மாவுக்கு என்றான். கீழ்க்கிளை மொட்டையானது உண்மைதான். முட்டை கண்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் கூடு வெடித்து, கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக விழுந்த வண்ணத்துப்பூச்சி வெளியே வந்தது. சிறகு உலரும் வரை அவன் முன்பள்ளிக்குப் போக மறுத்துவிட்டான். அன்று போகாவிட்டால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம், பூச்சி கண்டவுடன் மருந்து தேடுகிற அவசரம் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகள் கைவைக்கும் சாடிகளுக்கு எந்தப் பூச்சிமருந்தும் வேண்டாம். துளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் விரலால் துடைக்கலாம், தண்ணீரைப் பீச்சி அடிக்கலாம். மீறிப் போனால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். நத்தையை மட்டும் பிள்ளைகள் வெறுங்கையால் தொட விடாதீர்கள். மழைக்காலத்தில் வரும் பெரிய நத்தைகளின் உடலில் மனிதருக்குத் தீங்கான ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும்.

விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளைப் புகையிரதத்தில் கம்பஹாவுக்குக் கூட்டிப்போய் ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவைக் காட்டுங்கள். 1876இல் இங்கிலாந்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகளை நட்டு வளர்த்த இடம் அது. ஒரு சிறு கன்று நாட்டுக்கு என்ன ஆனது என்பதை மகனுக்குச் சொல்ல நல்ல இடம்; மகளுக்கு ஓடித் திரிய நிழல் இருக்கிறது.

நீர்வேலி மகள், வெள்ளவத்தை:

ஐந்து கிழமைகள் கழித்து எழுதுகிறேன். பதில் தந்த ரீச்சருக்கும், அண்ணாவுக்கும், அக்காவுக்கும், ஐயாவுக்கும் நன்றி.

கொத்தமல்லியை உருட்டி உடைத்துக் காட்டியபோது மகன் அதிகம் பேசவில்லை. ஆனால் அன்று இரவு தந்தையிடம், "அதற்குள் இரண்டு இருக்கிறது, அது மெதுவானது" என்று விளக்கிக்கொண்டிருந்தான். ஏழு கோப்பைப் பயற்றில் ஐந்தை அவன் கொட்டிப் பார்த்தான். ஆறாவதைக் கொட்டப்போய், கையை எடுத்துக்கொண்டான். அந்த இரண்டு செடிகளும் இப்போது நிற்கின்றன. மகளின் பொன்னாங்காணியைச் சென்ற சனிக்கிழமை முதல் முறையாகக் கிள்ளினோம். ஒரு பிடி தேறியது. அதை என் மாமியார் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து, நால்வரின் புட்டிலும் சரியாகப் பங்கிட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சோதனையும் இப்போது அவருடைய தலைமையில்தான் நடக்கிறது, டோர்ச் லைற் மகளிடம் இருக்கிறது.

பயற்றங்காய் நான்கு விதை ஊன்றியதில் ஒன்று, நாலு இலை விட்ட பின் ஒரே இரவில் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது. சிறுபிள்ளைகள் இருவரும் தூங்கிய பின் நான்தான் அதை முதலில் கண்டேன். என் சாடியில் அதே வயதில் மூன்று செடிகள் நின்றன. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு கதவைப் பூட்டிவிட்டு வந்தேன். காலையில் மகன் கண்டான், அழுதான். வேரைக் கழுவிப் பார்த்தோம். "தண்ணீர் கூடிவிட்டது" என்று அவனே சொன்னான். அவனுடைய போத்தல் மூடியில் எட்டுத் துளைகள் இருந்தன. மூன்றை மெழுகு வைத்து அடைக்கச் சொல்லிக் கேட்டான். அடைத்துக் கொடுத்தேன்.

இப்போது ஒரு புதுக் கேள்வி. மிஞ்சிய மூன்று கொடிகளும் மகனின் இடுப்பு உயரத்துக்கு வந்து, நுனியை வீசிப் பிடிமானம் தேடுகின்றன. அண்ணா சொன்னபடி சாடிகள் எல்லாம் சுவர்ப் பக்கம்தான் இருக்கின்றன, ஆனால் கொடி வெளிச்சத்தைத் தேடிக் கம்பிப் பக்கமாகச் சாய்கிறது. கம்பியில் ஏறினால் மகனும் அதன் பின்னால் கம்பிக்குப் போவான். சுவரில் ஆணி அடிக்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. என்ன செய்யலாம்?

கடற்கரைப் பக்கத்து அப்பா, பம்பலப்பிட்டி:

அக்கா, ஆணி தேவையில்லை. சாடிக்குள்ளேயே மூன்று மூங்கில் தடிகளை ஆழமாக ஊன்றி, உச்சியில் ஒன்றாகச் சேர்த்துத் தும்புக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். தடி ஐந்தடி இருந்தால் போதும், அதற்கு மேல் வளரும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்து அங்கேயே காய்க்கும். காற்றுக்குச் சாயாமல் இருக்க சாடியின் அடிப்பகுதியை இரு பக்கமும் இரண்டு செங்கல் துண்டுகளால் அணைத்து வையுங்கள். கொடி நுனியைத் தடியில் முதல் தடவை மட்டும் சுற்றிவிட வேண்டும். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதை மகனே ஒரு நாள் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும், எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் அவிழ்ந்துவிடும். கயிறு கட்டும் முடிச்சையும் அவனிடமே கொடுங்கள்.